பீத்தோவன் சொனாட்டாக்களின் ஹென்லே பதிப்பு: எந்தத் தொகுதியை முதலில் வாங்குவது?

பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்புகள்) இரண்டு தொகுதிகளில் அடக்கியுள்ள ஹென்லே பதிப்பை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1948இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட இப்பதிப்பகத்தின் நீல அட்டை நூல்களைப் பியானோ பயில்வோர் எங்கும் அறிவர். கையெழுத்துப் பிரதியையும் முதல் அச்சுப் பதிப்பையும் ஒப்பிட்டு, இசையமைப்பாளர் எழுதியதை மட்டுமே அச்சிடுவது இவர்களுடைய முறை. சொனாட்டாக்களைப் பெர்த்தா வால்னர் பதிப்பித்திருக்கிறார். எந்த ஸ்வரத்தை எந்த விரலால் வாசிப்பது என்று காட்டும் விரல் எண்கள் மட்டும் கொன்ராட் ஹான்சன் இட்டவை.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் தொகுதியில் எளியவையும் இரண்டாம் தொகுதியில் கடினமானவையும் இருக்கும் என்று எண்ணி, நானும் முதல் தொகுதியை மட்டுமே முதலில் வாங்கினேன். ஆனால் இரண்டிலுமாக மிக எளிய சொனாட்டாக்களான ஓபஸ் (படைப்பின் வெளியீட்டு வரிசை எண்) 49இன் இரண்டும், உலகிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்றான ஓபஸ் 106 ‘ஹாம்மர்க்லாவியர்’ சொனாட்டாவும் இரண்டாம் தொகுதியில் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஓபஸ் 49ஐ பீத்தோவன் 1790களிலேயே எழுதிவிட்டார். ஆனால் அது 1805இல்தான் அச்சேறியது. அதனால் பெரிய எண் பெற்று, பின்னால் போய்விட்டது. தொகுதிகள் ஓபஸ் எண் வரிசையில் அமைந்தவை என்பதால், முதல் தொகுதியைத் திறந்ததும் எதிர்ப்படுவது ஓபஸ் 2இன் எஃப் மைனர் சொனாட்டா. தொடக்க நிலை மாணவரின் கைக்கு அது அடங்காது.

பதிப்பகம் ஒவ்வொரு படைப்புக்கும் 1 முதல் 9 வரை கடின அளவு எண் தருகிறது. பியானோக் கலைஞர் ரோல்ஃப் கோனென் வகுத்த இந்த அளவில் ஓபஸ் 106 உச்சமான 9ஐப் பெறுகிறது. வாங்குமுன் இந்த எண்ணைப் பார்ப்பது பயனுள்ளது. எனினும் ஒரு சொனாட்டாவுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி கடினம் மாறும். ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதியைப் பொறுமையுள்ள மாணவர் சில மாதங்களில் வாசித்துவிடலாம்; மூன்றாம் பகுதியோ பல ஆண்டுப் பயிற்சியைக் கேட்கும். முதல் பகுதியிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. வலக்கையின் வலுக்குறைந்த சுண்டுவிரல் மெட்டைத் தாங்க, அதே கையின் மற்ற விரல்கள் மும்மூன்று ஸ்வரங்களை அதைவிட மெல்லிதாக ஓடவிட வேண்டும்.

இப்பதிப்பின் உண்மையான மதிப்பை நான் உணர்ந்தது ஓபஸ் 49இன் இரண்டாம் சொனாட்டாவில். பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் ஜி மேஜர் கார்டு ஒன்று ஒலித்ததும் ஸ்வரங்கள் மும்மூன்றாகக் கீழிறங்கும் அந்தத் தொடக்கத்தை உரக்க வாசிப்பதா, மெல்ல வாசிப்பதா என்று தாளில் எதுவும் இல்லை. 1805ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே ஒலியளவுக் குறிகள் ஏறக்குறைய இல்லை என்பதே காரணம். வேறு சில பதிப்புகளில் பதிப்பாசிரியர்களின் குறிகள் பீத்தோவனுடையவை போலவே நிறைந்திருக்கும். அவற்றைப் பின்பற்றியே பழகிய எனக்கு இந்த வெற்றிடம் முதலில் திகைப்பளித்தது. பிறகு இசைக்குள் இருந்தே விடை தேட வேண்டியிருந்தது: மெட்டு எங்கே மூச்சு விடுகிறது, எந்த இடத்தில் ஸ்ருதி வேறு மேஜருக்கு நகர்கிறது, இடக்கை எப்போது ஓய்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இந்தப் பழக்கத்தை வேறெந்த நூலும் எனக்குத் தரவில்லை.

விரல் எண்கள் பெரும்பாலும் நன்றாகவே உள்ளன. ஆனால் சிறிய கை உடையவர்கள் ஆசிரியரின் துணையோடு சில இடங்களை மாற்றிக்கொள்ள நேரும். தாள் தடிப்பானது, பென்சில் குறிகளைப் பல முறை அழித்தாலும் கிழிவதில்லை.

தொடக்க நிலையில் உள்ளவர்கள் இரு தொகுதிகளையும் விட்டுவிட்டு, தனி நூலாகவே கிடைக்கும் ஓபஸ் 49ஐ வாங்குவது நல்லது. அதை முடித்தவர்கள் அடுத்து ஓபஸ் 79ஐ எடுக்கலாம்; முதல் பகுதியில் இடக்கை வலக்கையைத் தாண்டி மேலே போய்வரும் இடங்களை மட்டும் முதல் வாரத்திலேயே தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்.