கதவுக்கு உள்ளே ஒரு படம், வெளியே ஒரு படம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தம்பி வந்திருந்தான். ஊரே இடிந்து விழுந்த பிறகு நடக்கிற கொரியப் படம் ஒன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். கையில் இரண்டு இருந்தன. ஒன்று 2023 ஆகஸ்டில் வந்த 'கான்கிரீட் உடோபியா'. இன்னொன்று 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பேட்லேண்ட் ஹண்டர்ஸ்'. தம்பிக்கு அதில் நாயகனாக நடித்த மா டாங் சியோக் என்றால் உயிர். "அண்ணே, அவர் கை ஓங்குறதப் பார்த்தா போதும்ணே, அதையே போடுங்க" என்றான். நான் ஏற்கெனவே இரண்டையும் ஒருமுறை பார்த்திருந்தேன். உடோபியாவைத்தான் போட்டேன். ஏன் என்று கேட்டான். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். பெரும் பூகம்பத்தில் சியோல் தரைமட்டமாகிறது. ஒரே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் மட்டும் நிற்கிறது. ஹண்டர்ஸை உடோபியாவின் தொடர்ச்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பாத்திரங்கள் வேறு, கதை வேறு. எதை முதலில் பார்த்தாலும் புரியும்.

ஹண்டர்ஸைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஹோ மியோங் ஹேங் சண்டைப் பயிற்சித் துறையிலிருந்து வந்தவர், இயக்கியதில் இதுதான் முதல் படம். அந்தக் கைப்பழக்கம் திரையில் தெரிகிறது. யார் யாரை அடிக்கிறார்கள், அடி எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். தொடக்கத்திலேயே மா டாங் சியோக் ஒரு முதலையோடு மோதுகிறார். வேட்டையாடிய கறியை ஊராரிடம் பண்டமாற்றாகக் கொடுத்துப் பிழைப்பவர் அவர். ராணுவத்திலிருந்து வந்த பெண்ணாக நடித்திருக்கும் ஆன் ஜி ஹேயின் சண்டைகள் அவருடையதைவிட எனக்குப் பிடித்தன. எதிராளிகள் குத்தினாலும் சுட்டாலும் சாகமாட்டார்கள், தலையைத் துண்டித்தால்தான் விழுவார்கள். அதனால் ஒவ்வொரு சண்டையும் நாம் முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் மறுபடி தொடங்குகிறது. 107 நிமிடம், எங்கும் தொய்வு இல்லை.

படப்பிடிப்பு, இடிபாடுகளின் அமைப்பு, நடிப்பு எல்லாம் இரண்டிலும் தரமானவை. உடோபியா 130 நிமிடம், நடுவில் கொஞ்சம் கனக்கும். கொரியா அந்த ஆண்டு ஆஸ்கருக்கு அனுப்பிய படமும் அதுதான். இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

என் முடிவுக்குக் காரணம் அந்தக் கட்டடத்தின் கதவு. கதவுக்கு எந்தப் பக்கம் நம்மை நிறுத்துகிறார்கள் என்பதுதான்.

ஹண்டர்ஸில் நாம் வெளியே நிற்கிறோம். மூன்று ஆண்டு வறட்சியில் தண்ணீருக்குத் தவிக்கும் ஒரு குடியிருப்பு. சுத்தமான தண்ணீர் தருகிறோம் என்று சொல்லி ஒரு பெண்ணையும் அவள் பாட்டியையும் அந்தக் கட்டடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். உள்ளே ஒரு மருத்துவர் மனிதர்களை வைத்துச் சோதனை நடத்துகிறார். லீ ஹீ ஜூன் அந்தப் பாத்திரத்தை நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அவர் கெட்டவர் என்று தெரிந்த நொடியிலேயே நமக்கு யோசிக்க வேலை இல்லாமல் போகிறது. கதவை உடைக்க வேண்டும், பெண்ணை மீட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் முறை பார்த்தபோது சண்டைகளை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டினேன். எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

உடோபியா நம்மை உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்கிறது. கட்டடத்தின் பெயர் ஹ்வாங்குங். பேரரசர் அரண்மனை என்று பொருள், ஆனால் பழைய, சாதாரணக் கட்டடம். பக்கத்தில் இருந்த 'டிரீம் பேலஸ்' என்ற பணக்காரக் குடியிருப்புக்காரர்கள் இவர்களை ஒரு காலத்தில் மதித்ததே இல்லை. இப்போது அவர்கள் வீடு இடிந்து, கடுங்குளிரில் இங்கே ஒதுங்க வருகிறார்கள். கொரியாவில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அபார்ட்மெண்டில்தான் வாழ்கின்றன. எந்தக் கட்டடத்தில் இருக்கிறாய் என்பதை வைத்து ஆளை எடைபோடும் பழக்கமும் அங்கே உண்டு. அந்தக் கட்டடங்கள் முளைத்த வரலாற்றைப் பழைய காட்சித் துணுக்குகளாகக் காட்டித்தான் படமே ஆரம்பிக்கிறது. இது தெரிந்து பார்த்தால் அந்தப் பழைய பகை எவ்வளவு ஆழமானது என்று விளங்கும்.

வெளியாட்களை வைத்துக்கொள்வதா, துரத்துவதா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. வாக்குச்சீட்டு இல்லை. பதுக் என்ற பலகை விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் கற்களில் ஒன்றைப் போட வேண்டும். என்னால் மறக்க முடியாத இடம் இது. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு சின்னக் கல். எண்ணி முடித்ததும் ஒரு கூட்டம் சாகப்போகிறது என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பார்க் சியோ ஜூனும் பார்க் போ யங்கும் நடித்த இளம் தம்பதி ஒரு தாயையும் மகனையும் ஏற்கெனவே வீட்டுக்குள் சேர்த்திருக்கிறார்கள். அவன் அரசு ஊழியன், அவள் செவிலியர். நம் வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் 'உணவு எத்தனை நாளைக்கு வரும்?' என்று நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அது எனக்கு வெட்கமாக இருந்தது. ஹண்டர்ஸ் என்னை அப்படி எங்கேயும் நிறுத்தவில்லை.

சண்டையே இல்லாத படம் என்று நினைத்துவிடாதீர்கள். துரத்தும் காட்சியில் இரண்டு பக்கமும் மோதிக்கொள்ளும் நெரிசல் இருக்கிறது. பிறகு இடிபாடுகளுக்குள் உணவு தேடிப் போகும் பயணங்கள் இருக்கின்றன. அடிப்பவர்களுக்கு அடிக்கத் தெரியாது, அதனாலேயே ஒவ்வோர் அடியும் பயங்கரமாக இருக்கிறது.

அடுத்தது உடோபியாவில் லீ ப்யூங் ஹுன் நடித்த பாத்திரம். 902-ஆம் வீட்டுக்காரர். தீப்பிடித்த வீட்டுக்குள் ஓடி அணைத்ததால் தலைவராகிறார். முதலில் கூச்சப்பட்டு, பேச்சே வராமல் நிற்கிற மனிதர். பிற்பாடு குடியிருப்போருக்கே இந்தக் கட்டடம் சொந்தம் என்று எல்லோரையும் முழங்க வைக்கிறார். அவரைப் பற்றி ஓர் உண்மை பாதிக்கு மேல் தெரியவரும், அதை இங்கே சொல்லமாட்டேன். அது தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்த்தால் முதல் அரைமணி நேரமே வேறு படம். அவருடைய தயக்கம், விழி போகும் திசை, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. கொண்டாட்டத்தில் அவர் பாடுகிற பாட்டு யூன் சூ இல் 1982-இல் பாடிய 'அபார்ட்மெண்ட்'. முதல் முறை கேட்டபோது சந்தோஷமான பாட்டாகத்தான் இருந்தது.

இரண்டையும் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன், வசன வரிகளின் துணையோடு. பெரிய திரையில் ஹண்டர்ஸின் சண்டைகள் இன்னும் எடுபடலாம், அந்த வகையில் என் தராசு சற்றுச் சாய்ந்திருக்கக்கூடும். களைத்துப்போய் வந்த இரவு, மூளைக்கு ஓய்வு வேண்டும் என்றால் ஹண்டர்ஸே சரி. இரண்டிலும் ரத்தம் உண்டு. ஹண்டர்ஸில் தலை உருளும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.

அன்று படம் முடிந்ததும் தம்பி எதுவும் பேசவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "அண்ணே, அவர் தீயணைக்கிற இடத்த மட்டும் இன்னொரு தடவ போடுங்க" என்றான்.