வான்கோமைசின் டோஸ்: ஒற்றை எண்ணா, கணினிக் கணக்கா?

வான்கோமைசின் ஒரு ஆன்டிபயாடிக் மருந்து. அது குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் சிறுநீரகம் கெடலாம். பழைய வழியில், அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து, லிட்டருக்கு 15–20 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எளிதுதான். ஆனால் அந்த ஒற்றை எண், நாள் முழுக்க உடலில் எவ்வளவு மருந்து இருந்தது என்று சொல்லாது.

பேய்ஸ் முறை என்பது, பல நோயாளிகளின் பொதுத் தகவலோடு இந்த நோயாளியின் அளவுகளையும் சேர்த்துக் கணிக்கும் புள்ளியியல் வழி. அந்த மென்பொருளுக்கு வயது, எடை, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவு), மருந்தின் ஓரிரு ரத்த அளவுகள் போதும். 24 மணி நேரத்தில் உடல் சந்தித்த மருந்தின் மொத்த அளவைக் கணித்துவிடும். ரத்தம் எடுத்த நேரத்தை மட்டும் சரியாகக் குறிக்க வேண்டும், தப்பாக எழுதினால் கணக்கும் தப்பு. 2020இல் அமெரிக்க வழிகாட்டுதலும் கடுமையான எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) தொற்றுக்கு இந்த மொத்த அளவுக்கே மாறியது. சிறுநீரகச் செயல்பாடு தினமும் மாறும் ஐசியூ நோயாளிக்கு நான் கணினியைத்தான் கேட்பேன். மென்பொருள் இல்லையா? சரி, இரண்டு ரத்த மாதிரிகளை வைத்துக் கையாலேயே கணக்கிடலாம்.