தங்கச்சியைக் காப்பாற்றிக் கொடுத்த பிரசவ வார்டு

மருத்துவமனையின் பெயரை எழுத வேண்டாம் என்று தங்கச்சி கேட்டுக்கொண்டாள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதன் மகப்பேறு பிரிவு என்பது வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில், ஏசி ரூம் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் சேர்ப்பதாக இருந்தோம். அங்கே ராத்திரியில் மயக்க டாக்டர் தங்குவதில்லை, ரத்தம் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று எங்கள் ஊர் நர்ஸம்மா சொன்னதால் மாற்றினோம்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுகிறார்கள். நான் போனேன். சுகப்பிரசவம், அதிகாலை 4.10க்குப் பெண் குழந்தை. நஞ்சுக்கொடி வந்த கொஞ்ச நேரத்தில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்து, "அக்கா, மூச்சு முட்டுது, எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்றாள். பிரசவக் களைப்பு என்று நான் நினைத்தேன். ஸ்டாஃப் நர்ஸ் அப்படி நினைக்கவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார், ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டார், சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிட்டார். அதற்குள் உதடு நீலமாகிக் கண் சொருகிவிட்டது. என்னை வெளியே அனுப்பும்போது ஒருவர் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். ஆம்னியாட்டிக் ஃப்ளூயிட் எம்பாலிசமாம். பனிக்குட நீரோ, குழந்தையின் செல்களோ தாயின் ரத்தத்தில் கலக்கும்போது சிலருடைய உடம்பு அதைத் தாறுமாறாக எதிர்க்குமாம். நுரையீரலும் இதயமும் திடீரென்று தள்ளாடும். அதைத் தாண்டினாலும் பலருக்கு ரத்தம் உறையும் தன்மையே போய்விடும். ஏறத்தாழ 40,000 பிரசவங்களில் ஒருவருக்கு வருமாம். முன்கூட்டிக் கண்டுபிடிக்க எந்த டெஸ்டும் இல்லை, தடுக்க மருந்தும் இல்லை. "நீங்க எதையும் தப்பா செய்யலம்மா" என்று என் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத்தான் தெரியும்.

கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். 7 நிமிடம் கழித்தும் உறையாமல் தண்ணீராகவே நின்றதாம். சிவப்பணு மட்டும் 16 யூனிட் ஏற்றினார்கள், பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் தனி. ரத்த வங்கி அதே வளாகத்தில் இருந்தது. 'முதலில் ஆள் கொண்டுவாங்க, பிறகு ரத்தம்' என்று யாரும் சொல்லவில்லை, பைசாவும் வாங்கவில்லை. ரத்தப்போக்கு நிற்காததால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 6 நாள் வென்டிலேட்டர். 19ஆம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள்.

குறைகளும் உண்டு. அன்று காலை மூன்று மணி நேரம், உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சான் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். எனக்குப் பெரிய வருத்தம் வேறு: உடம்பைத் தேற்றி அனுப்பினார்கள், மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குழந்தையை முதலில் தூக்கியது தனக்கு நினைவே இல்லை என்று இன்றும் ராத்திரியில் அழுகிறாள். அந்த அரை மணி நேரத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரசவத்துக்கு இடம் பார்ப்பவர்கள் மூன்றே மூன்று கேளுங்கள்: ராத்திரி மயக்க டாக்டர் உள்ளேயே இருப்பாரா, ஐசியு உண்டா, ரத்தம் எத்தனை நிமிடத்தில் வரும்? ரூமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வார்டுக்குப் போகிறவர்கள் பாயும் போர்வையும் எடுத்துப்போங்கள், துணைக்கு வருபவர்கள் படுக்க வராந்தாதான். ரத்தம் கொடுக்க நினைப்பவர்கள் ரத்த வங்கிக்குக் காலை 9 மணிக்கே போனால் கூட்டம் இருக்காது. நான் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறேன், அடுத்தது தை மாதம்.