ட்ரிபிள் ஈ-யா, ஏஐ-யா: ஒரு வயர்மேன் அப்பா போட்ட கணக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். என்ஜினீயரிங் கவுன்சலிங் சாய்ஸ் லிஸ்டில் முதல் இடத்தில் எதைப் போடுவது என்று நானும் மகளும் ராத்திரி கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ். இன்னொரு பக்கம் ஓசூர்ப் பக்கம் தன்னாட்சி வாங்கிய ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக். ஏஐ (செயற்கை நுண்ணறிவு) அண்ட் டேட்டா சயின்ஸ்.

செட்டிக்கரையைத்தான் போட்டோம். நான் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

பணத்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை. அவள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில், கவுன்சலிங் வழியாகப் போனால் தனியார் கல்லூரியிலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எங்கே படித்தாலும் வரும். தன்னாட்சிக் கல்லூரியில் கேள்வித்தாளை அவர்களே எடுப்பார்கள், பாடத்திட்டத்தையும் சீக்கிரம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும், இரண்டிலும். செட்டிக்கரைக்கு டவுன் பஸ், ஓசூருக்கு ஹாஸ்டல். அவ்வளவுதான்.

அந்தத் தனியார் கல்லூரியை நேரில் போய்ப் பார்த்தோம். ஏசி லேப், வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர். எனக்கே மனசு ஆடிவிட்டது.

பிறகு என்னை இழுத்துப் பிடித்தது என் பையில் இருக்கும் சான்றிதழ்தான். மின் வேலையில் ஹெல்பருக்கு 'எச்', வயர்மேனுக்கு 'பி', மேற்பார்வையாளருக்கு 'சி'. நான் 'பி'. இருபது வருஷமாக இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்கு வயர் இழுத்திருக்கிறேன். புது சர்வீஸுக்கு ஈ.பி. ஆபீஸில் கொடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரிடம்தான் போய் நிற்கணும். வேலை என்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது. படிப்பு வழியாக 'சி' வாங்க எலெக்ட்ரிகலில் டிப்ளமோவோ டிகிரியோ வேண்டும், கூட அனுபவமும் வேண்டும். ஏஐ பட்டம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அந்த ஜன்னலில் செல்லாது. மகள் வயரிங் காண்ட்ராக்டர் ஆவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேண்டுமென்றால் அவளால் ஆக முடியும்.

அரசு வேலையிலும் இதே கதைதான். டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் (ஏ.இ.) அறிவிக்கையோ, முன்பு மின்வாரியம் தனியாக விட்ட ஏ.இ. அறிவிக்கையோ, எடுத்துப் பாருங்கள். என்ன படிப்பு என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், அது இதற்குச் சமம் என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்க வேண்டும். என் மச்சான் பையன் புதுப் பெயர் வைத்த ஒரு படிப்பு முடித்தவன். பாதிக்கு மேல் எலெக்ட்ரிகல் பாடம்தான் படித்தான். ஒரு அறிவிக்கை வந்தபோது அவன் படிப்பின் பெயர் அதில் இல்லை. அரசாணை இருக்கிறதா என்று கல்லூரிக்கும் சென்னைக்கும் அலைந்தான். அதற்குள் கடைசி தேதி போய்விட்டது. வண்டி வாங்கும்போது விற்றால் என்ன விலை போகும் என்று கேட்கிறோமில்லையா, பட்டத்துக்கும் அதைக் கேட்கணும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஏஐ பக்கமும் கதவுகள் திறந்துகொண்டுதான் வருகின்றன, அதை மறைக்கக் கூடாது. எம்.டெக். சேர எழுதுகிற கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ என்று தனித் தாளே வந்துவிட்டது. நாளைக்கு அறிவிக்கைகளிலும் அந்தப் பெயர் சகஜமாகலாம். நான் பேசுவது இன்றைய நிலவரம்.

ட்ரிபிள் ஈ-யும் எங்கள் காலத்து மோட்டார், டிரான்ஸ்ஃபார்மரோடு நின்றுவிடவில்லை. மகள் படிக்கிற அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிகளில், விருப்பப் பாடங்களை ஒரு துறையாகச் சேர்த்து எடுக்கலாம், மின் வாகனம் அதில் ஒன்று. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று பக்கத்திலேயே மின் ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கும்போது அது சும்மா விட்டுவிடுகிற விஷயமில்லை. கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறு துறையில் மைனர் டிகிரியும், அதாவது துணைப் பட்டமும், உண்டு. நம்ம பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிற மாதிரி: அடியில் எலெக்ட்ரிகல், மேலே எது வேண்டுமோ அது. தலைகீழாக, ஏஐ பட்டத்தின்மேல் 18 கிரெடிட் எலெக்ட்ரிகலை ஒட்டினால் 'சி' சான்றிதழ் காய்க்காது.

அதே பாடத்திட்டத்தில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று ஒரு கிரெடிட் தாளும் இருக்கிறது. சோழர் காலக் குமிழித் தூம்பு (ஏரித் தண்ணியைத் திறந்துவிடும் மதகு) பற்றி மகளுக்கு முன்னால் நான்தான் படித்து முடித்தேன். ஏரித் தண்ணியை அளந்து விட்டவர்கள் ஃப்யூஸ் போடாமல் விட்டிருக்க மாட்டார்கள் என்று சொன்னேன், சிரித்தாள்.

என் கணக்கில் ஓட்டைகள் உண்டு. மகள் இன்னும் மூன்றாம் வருஷத்துக்குள்தான் போகிறாள். கேம்பஸ் இன்டர்வியூ வரவில்லை, சம்பளம் பற்றி நான் வாய் திறக்க முடியாது. கோடிங் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே தானாக புரோகிராம் எழுதிப் பார்க்கிற பிள்ளை என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், ஏஐ-யே போடுங்கள். "எது படிச்சாலும் சரிப்பா" என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு. என் மகள் அப்படித்தான் சொன்னாள்.

இப்போது அவள், "மைனருக்கு டேட்டா சயின்ஸ் எடுக்கட்டுமாப்பா?" என்று கேட்கிறாள். பழைய ஏ.இ. அறிவிக்கை ஒன்றைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். மைனர் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.