சாட்ஸ்வொர்த்ல பின் பிரேக் டிரம் கழட்ட நம்பி வண்டிய விடலாம்

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் ஹைலக்ஸ் பிக்கப் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், கடல் காத்துல, பின் சக்கரத்தோட சுத்துற பிரேக் டிரம் ஹப்போட (சக்கரம் மாட்டுற நடு பாகத்தோட) துருப்பிடிச்சு ஒட்டிக்கும், பல கடைல சுத்தியலால ஓங்கி அடிச்சே எடுப்பாங்க, டிரம் ஓரம் உடைஞ்சே போயிரும். சாட்ஸ்வொர்த்ல நான் விட்ட இந்த சின்ன வொர்க்‌ஷாப்ல அப்படி இல்லைங்க. மெக்கானிக் அண்ணன் முன் டயருக்கு கட்டை குடுத்து ஹேண்ட்பிரேக்க ரிலீஸ் பண்ணாரு, டிரம் முகத்துல இருக்கிற ரெண்டு மரை ஓட்டைலயும் 8 எம்எம் போல்ட்ட போட்டு மாத்தி மாத்தி கொஞ்சங்கொஞ்சமா முறுக்கினாரு, ஒரு பக்கம் டக்குன்னு விட்டுச்சு. இன்னொரு பக்கம் வரல, தேஞ்ச டிரம்ல உள்ள ஒரு விளிம்பு நிக்கும்ல, அது ஷூவ (உள்ளிருந்து டிரம்ம அழுத்தி பிரேக் பிடிக்கிற பாகத்த) பிடிச்சிக்கிச்சு. போல்ட்ட மேல முறுக்காம டிரம்முக்கு பின்னாடி தகட்டுல இருக்கிற ரப்பர் மூடிய எடுத்து, ஸ்க்ரூடிரைவர உள்ள விட்டு ஷூ இடைவெளிய மாத்துற அட்ஜஸ்டர பல்லு பல்லா தளர்த்தினாரு, அந்தப் பொறுமைக்கே காசு குடுக்கலாம்! தூசிக்கு காத்தடிக்கவே இல்ல, கிளீனர் ஸ்பிரே போட்டுதான் கழுவினாரு. பழைய பிரேக் ஷூல இருந்த, தூசியா மூச்சுல போனா ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ 2008ல இங்க தடை பண்ணியாச்சு, ஆனாலும் பழைய வண்டில என்ன ஷூ கெடக்குன்னு சொல்ல முடியாது, அதனால அதான் சரி. டிரம் உள்விட்டத்த அளந்து, அதுலயே போட்டிருக்கிற மேக்ஸிமம் அளவோட ஒப்பிட்டும் காட்டினாரு. சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, போன் பண்ணிட்டு போங்க.