நிட்டட் நாக்கர்ஸ்: காசில்லாமல் கிடைக்கும் பின்னல் மார்பு எப்படி இருக்கிறது?

புற்றுநோய்க்காக அறுவை செய்து மார்பகத்தை எடுத்த பெண்கள் பிராவுக்குள் வைத்துக்கொள்வதற்கென்று, பருத்தி நூலில் பின்னி உள்ளே ஃபைபர் பஞ்சு அடைத்த வடிவம் இது. விலை கிடையாது. டொரன்டோவைச் சேர்ந்த பெரில் சாங், மார்பக அறுவைக்கு ஆளான பிறகு தனக்காகவே ஒன்றைப் பின்னி, அதன் செய்முறையை 2005-ல் ‘நிட்டி’ என்ற இணைய இதழில் வெளியிட்டார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் ஊர்க்காரரான பார்பரா டெமரெஸ்ட், 2011-ல் தனக்கு அறுவை நடந்த பிறகு, இப்படிப் பின்னியதைக் கேட்கும் பெண்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க நிட்டட் நாக்கர்ஸ் அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவில் மும்பையின் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் இதைச் செய்கிறது. அதன் தன்னார்வலர்கள் பின்னி அனுப்புகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறுவைக்குப் பிறகு வரும் முதல் சில மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கடையில் கிடையாது. அதன்பின் வீட்டுக்கும் வெயில் காலத்துக்கும் தாராளமாகத் தொடரலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் எடுத்து, மறுபக்க மார்பு கனமாக இருப்பவர்கள் இதை மட்டுமே நம்பி வருடக்கணக்கில் இருக்கக் கூடாது.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது எடையின்மை. நடுத்தர அளவில் நூலும் பஞ்சும் சேர்த்து ஐம்பது கிராமைச் சுற்றித்தான் வரும். முன்பக்கம் குவிந்து, நுனியில் காம்பு போலச் சின்னதாக ஒரு முடிப்பு. பின்பக்கம் சுருக்குப்பை மாதிரி நூலை இழுத்துக் கட்டிய வாய். பலர் அந்த நூலைக் கவனிப்பதே இல்லை. இந்தப் பொருளின் உயிரே அதுதான். முடிச்சை அவிழ்த்து, வாயை விரலால் விரித்து, பஞ்சை எடுக்கலாம், சேர்க்கலாம், ஒரு பக்கமாக ஒதுக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், அறுவை முடிந்த மார்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் வீக்கம் இருக்கும், பிறகு வற்றும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்த ஓரம் குழிந்துவிடும். சிலருக்கு அக்குளுக்குக் கீழே தோல் மடிந்து சின்ன மூட்டையாக நிற்கும். குழி இருந்தால் பஞ்சை அந்த ஓரத்துக்குத் தள்ளுங்கள். மடிப்பு இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்கள் பாதிப் பஞ்சை உருவிவிட்டு, தட்டையாக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் வைக்கலாம். மார்பைத் திரும்ப உருவாக்க, தோலுக்கு அடியில் எக்ஸ்பாண்டர் என்ற பையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு அந்தப் பக்கம் வளர வளர, பஞ்சைக் குறைத்துக்கொண்டே வரலாம். கடையில் விற்கும் சிலிகான் ஜெல் மார்பு வடிவத்தில் இது எதுவும் நடக்காது.

குறை என்று பார்த்தால், முதல் குறையும் அந்த எடையின்மைதான். கையைத் தூக்கினால், துணி காயப்போட்டால், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் பிரா அந்தப் பக்கம் மட்டும் ஏறிவிடும். ஒரு பக்கத் தோள்பட்டி தளர்ந்து, மறுபக்கம் இறங்கித் தெரியும். இதற்குத் தீர்வு உண்டு. கனமில்லாத மெல்லிய துணியில் சின்ன முடிச்சுப் பை தைத்து, வழவழப்பான கூழாங்கல்லோ கண்ணாடிக் கோலிக்குண்டோ நாலைந்து போட்டு, பஞ்சுக்கு நடுவே, கீழ்ப்பாதியில் புதைக்க வேண்டும். பின்சுவரை ஒட்டி வைத்தால் தழும்பில் அழுத்தும். மேலே வைத்தால் குப்புறக் கவிழும். அரிசி, கடுகு, பயறு போட வேண்டாம். வியர்வையில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், எடுக்க மறந்து துவைத்தால் முளையே விடும். எடை சேர்ப்பதை முதல் மாதத்திலேயே செய்யாதீர்கள். தையல் நன்றாக ஆறியபின் போதும்.

எப்போது வைக்கத் தொடங்கலாம் என்பதை அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக, அறுவை செய்த இடத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்திருக்கும் ட்ரெயின் டியூபில் ஒரு நாளைக்கு வடியும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தபின் டியூபை எடுப்பார்கள். அதற்கு முன்னால் அந்தப் பக்கம் எதையும் வைத்து அழுத்தக் கூடாது. டியூப் எடுத்த பிறகும் நீர் கோத்துக்கொண்டு வீங்கினால் பின்னலை எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சிலிகானுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பதாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பெண்கள் கைக்குட்டையையும் பழைய துணியையும் மடித்து வைத்துக்கொண்டு சிரமப்படுகிறார்கள். பின்னல் மார்பு பிறந்ததே அந்த இடைவெளிக்காகத்தான்.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மேல்கையின் உட்புறமும் அக்குளும் பல பேருக்கு மரத்துப்போய்விடும். அங்கே பிரா பட்டியோ பின்னலின் முடிச்சோ உராய்ந்தாலும் உறைக்காது. தினமும் சாயங்காலம் கழற்றும்போது கண்ணாடியில் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். பட்டி பதிந்த தடம் கழற்றிய சிறிது நேரத்தில் மறையாவிட்டால் பிரா இறுக்கம். ஒல்லிப் பட்டி வேண்டாம், அகலப்பட்டியாகப் பாருங்கள். உள்ளே கம்பி வைத்த பிராவும் வேண்டாம். பின்னல் இலகுவானது என்பதால் தோளை இழுக்காது. கை வீக்கத்துக்குப் பயப்படுபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கை திடீரென்று சிவந்து, சூடாகி வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரண்ட் வைக்கும் வாரங்களில் தோல் கறுத்து உரியும். அப்போது எதையும் வைக்காமல் தளர்ந்த பருத்தி ஜாக்கெட்டோடு இருப்பதே நல்லது. வெளியே போகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டுமானால் பாதிப் பஞ்சோடு வைத்துக்கொள்ளலாம். தோல் உரிந்து ஈரமாக இருந்தால் அதுவும் கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். வயதான பெண்கள் பலர் பிராவே போடுவதில்லை, ஜாக்கெட் மட்டும்தான். அவர்களிடம் பிராவுக்குள் வைக்கும் பொருளைக் கொடுத்தால் பெட்டியில்தான் தூங்கும். புதிதாக பிரா பழகச் சொல்வதைவிட, ஜாக்கெட்டின் உள்ளே லைனிங் துணியில் ஒரு பை தைத்துக் கொடுப்பது மேல். பையின் வாய் அக்குள் பக்கம் இருக்க வேண்டும். மேலே வாய் வைத்தால் குனியும்போது வெளியே எட்டிப் பார்க்கும். கீழ்த்தையலைப் பட்டியோடு சேர்த்துப் பிடித்தால்தான் வடிவம் இறங்காமல் நிற்கும். டெய்லரிடம் அளவு கொடுக்கும்போது வடிவத்தை வைத்துக்கொண்டு கொடுங்கள். கட்டோரி, பிரின்சஸ் கட் ஜாக்கெட்டுகள் வடிவம் கொஞ்சம் நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும். சாதாரண டாட் வைத்த ஜாக்கெட் மன்னித்துவிடும். கழுத்து இறக்கத்தை ஒரு அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். வாசலில் கோலம் போடுவதுபோல் கண்ணாடி முன் குனிந்து பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முந்தானையில் சேஃப்டி பின் குத்துபவர்களுக்குப் பின்னலில் கவலை இல்லை. ஊசி பட்டால் ஒரு இழை இழுபடும், அவ்வளவுதான். சிலிகானில் பட்டால் ஜெல் கசிந்து, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது வீணாகிவிடும்.

பின்னித் தர விரும்புகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நல்ல மனசோடு பின்னிய பல வடிவங்கள் பயன்படாமல் போவது நூலால்தான். கம்பளி நூல் தழும்பில் அரிக்கும். மலிவான அக்ரிலிக் நம் வெயிலுக்குப் புழுங்கும். மென்மையான பருத்தி நூல்தான் வேண்டும். நூலைக் கன்னத்தில் அல்ல, கழுத்தடியில் தேய்த்துப் பாருங்கள். அங்கே குத்தினால் தழும்பிலும் குத்தும். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். ‘ஸ்கின் கலர்’ என்று விற்கும் வெளிர் ரோஸ் நம் யார் தோலுக்கும் பொருந்தாது, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஏற்ற பழுப்பு நிறங்களைத் தேடுங்கள்.

குரோஷாவில் ஆறு தையலில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். சில சுற்றுகளில் கூட்டாமல் விட்டால்தான் குவியும். பின்னல் இறுக்கமாக இருக்க வேண்டும், தளர்ந்தால் இடுக்கு வழியே பஞ்சு வெளியே வரும். அதற்காகத் தடித்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் துணி மரக்கட்டையாகிவிடும். நூல் தீர்ந்து இணைக்கும் முடிச்சைப் பின்பக்கம் விடவே கூடாது. ஒரு கடுகளவு முடிச்சு போதும், பகல் முழுக்கத் தழும்பைக் குடைந்துகொண்டிருக்கும். வால் நூலை ஊசியில் கோத்து முன்பக்கத் தையல்களுக்குள் மறைத்துவிடுங்கள்.

அடைப்பதற்கு இலவம்பஞ்சும் சாதாரணப் பஞ்சும் ஆகாது. நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும், உள்ளே காயாமல் நாறும். தலையணைக் கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேளுங்கள். வாங்கியதை அப்படியே திணிக்காமல், விரலால் பிய்த்துப் பொலபொலவென்று உதிர்த்து அடைக்க வேண்டும். கல்போல் அடைப்பது தொடக்கத்தில் எல்லோரும் செய்வது. அமுக்கினால் மெத்தென்று அமுங்கி மெதுவாக மேலே வர வேண்டும்.

துவைப்பது சுலபம், காய்வதுதான் தாமதம். கல் வைத்த பையை முதலில் வெளியே எடுத்துவிட்டு, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் சுற்றி அமுக்கி, நிழலில் காய வையுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, வடிவம் கோணும். பிளீச்சும் கம்ஃபர்ட் மாதிரி திரவங்களும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே நாளில் காயாது, பஞ்சை எடுத்துத் தனியாகக் காயப்போட்டால்தான் வாடை வராது. அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு கேட்டு வாங்குவது நியாயமான தேவை, கூச்சப்பட வேண்டியதில்லை.

சிலிகானோடு ஒப்பிட்டால், எடையிலும் தொங்கலிலும் சிலிகானே உண்மையான மார்புக்கு அருகில் இருக்கிறது. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்று வெகுநாள் இருந்தால் தோள் சாய்ந்து கழுத்தும் முதுகும் வலிக்கத் தொடங்கும். கனத்த மார்புள்ளவர்கள் ஆறின பிறகு வசதிப்பட்டால் சிலிகான் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஆனால் அது சூடு பிடிக்கும், வியர்க்கும், விலை சில ஆயிரங்களில் தொடங்கும், இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டியும் வரலாம். இரண்டு பக்கமும் எடுத்தவர்களுக்குப் பின்னலே போதும், சமநிலைப் பிரச்சினை அவர்களுக்கு இல்லை. எதையுமே வைக்காமல் தட்டையாக இருக்க விரும்புவதும் முழுமையான தேர்வுதான். அப்படிச் சொல்லும் பெண்ணிடம் வடிவத்தைத் திணிக்கிறவர் சேவை செய்யவில்லை.

கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நோயைக் கடந்தவர்களாக இருப்பது இந்தச் சேவையின் பலம். இது புதிதல்ல. 1952-ல் நியூயார்க்கில் தெரேஸ் லாஸர் என்பவர், தனக்கு மார்பு எடுத்தபின், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மற்றப் பெண்களைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கை பயிற்சிக்கு ரப்பர் பந்து, கயிறு, தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு மார்பு வடிவம் எல்லாம் அவர் கொடுத்த பையில் இருந்தன. டாக்டர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ‘ரீச் டு ரிகவரி’ என்ற அந்த முயற்சியை 1969-ல் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி ஏற்றுக்கொண்டது. போய்ப் பார்க்கும் பெண் வைத்தியம் பேசக் கூடாது என்பது அதன் உறுதியான விதி. இன்றைக்கும் அதுவே சரி. “கீமோவில் உங்களுக்கு முடி எப்போது திரும்ப வந்தது, அக்கா?”, “கரண்ட் வைத்த இடத்தில் ஜாக்கெட் எப்படிப் போட்டீர்கள்?” என்ற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லலாம். எந்த மாத்திரையை நிறுத்தலாம், எந்தக் கஷாயம் குடிக்கலாம் என்று சொல்லக் கூடாது. “எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே, உனக்கும் சரியாகிவிடும்” என்பதும் வேண்டாம், ஒருவருக்கு வந்த கட்டியின் வகை வேறு, இன்னொருவருடையது வேறு. இப்படிக் குழுவாக இயங்குகிறவர்கள் பார்சலின் மேல் உள்ளே இருப்பதை எழுதாமல் அனுப்ப வேண்டும். தெருவுக்கே தெரியாமல் சிகிச்சை எடுக்கும் வீடுகள் எத்தனையோ.

தன்னார்வலர்கள் கையால் பின்னுவதால் கேட்ட மறுநாளே வந்துவிடாது. ஆகவே அறுவைத் தேதி கிடைத்ததுமே கேட்டு எழுதிவிடுங்கள். அளவையும் அறுவைக்கு முன்பே எடுத்து வையுங்கள், பிறகு கட்டோடு இருக்கும்போது கையைத் தூக்கி டேப் பிடிக்க முடியாது. உங்களுக்குச் சரியாக இருக்கும் பிராவைப் போட்டுக்கொண்டு, மார்புக்கு அடியில் ஒரு சுற்று, காம்பு மட்டத்தில் ஒரு சுற்று அளந்து, பிராவின் சைஸையும் கப் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் அல்லது இரண்டுமா, முழுவதும் எடுக்கிறார்களா கட்டி மட்டுமா, பிரா போடும் வழக்கம் உண்டா, காம்பு முடிப்பு வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். மெல்லிய ஜாக்கெட் போடுபவர்களுக்கு அந்த முடிப்பு வெளியே தெரியும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சின்னதையே கேளுங்கள். பஞ்சு கூட்டிச் சின்னதைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். பெரிதில் பஞ்சைக் குறைத்தால் முன்பக்கம் சுருங்கி மடிப்பு விழும்.