ஓஹ்ரித் ஏரிக்குப் போகிறீர்களா? படகு, மீன், முத்து மூன்றிலும் உஷார்

வடக்கு மாசிடோனியாவின் ஓஹ்ரித் ஏரிக்கரையில் ஜூலை, ஆகஸ்ட் சீசனில் பயணிகள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விலையைச் சொல்வார்கள், அது எதற்கான விலை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கா, படகுக்கா? தட்டுக்கா, கிலோவுக்கா? யூரோவா, உள்ளூர் நாணயமான தெனாரா? பணம் கொடுக்கிற நேரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் படகு. ஓஹ்ரித் நகரத்திலிருந்து தெற்கே, அல்பேனிய எல்லையை ஒட்டி, சாலை வழியாக சுமார் 29 கி.மீ. தூரத்தில் ஸ்வேதி நாவும் மடம் இருக்கிறது. கோடையில் பெரிய படகு காலையில் கிளம்பி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்கே சேர்த்து, பிற்பகலில் திரும்பக் கூட்டி வரும். அதற்கு முன்பே துறையில் சிறு படகுக்காரர்கள் ஆட்களை மடக்கிவிடுவார்கள். ஒரு தொகை பேசி ஏற்றுவார்கள். கரை திரும்பியதும் "அது ஒரு ஆளுக்கு" என்பார்கள். இல்லையென்றால் பாதி வழியில், நீருக்கு மேல் கட்டிய பழங்காலக் குடியிருப்பின் மாதிரி இருக்கிற 'எலும்பு விரிகுடா' அருங்காட்சியகத்தோடு பயணத்தை முடித்துவிட்டு, காற்று அதிகம் என்பார்கள். அகலமான ஏரி இது, பிற்பகலில் அலை எழும்புவது உண்மைதான். அதனால்தான் ஏறுவதற்கு முன்பே நான்கு விஷயங்களைப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: மொத்தத் தொகை, எத்தனை பேர், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், பாதியில் திரும்பினால் எவ்வளவு கழிவு. பணத்தைத் திரும்பி வந்த பிறகே கொடுங்கள்.

உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பாருங்கள். தலைக்கு ஒன்று இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம். 2009 செப்டம்பர் 5 அன்று இதே ஏரியில் பல்கேரியச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு மூழ்கி 15 பேர் இறந்தார்கள். "இன்னும் ரெண்டு பேர் நெருக்கி உட்காரலாம்" என்று யாராவது சொன்னால் உடனே இறங்கிவிடுங்கள். சீசனில் கிழக்குக் கரையோரமாக மடத்துக்குப் பேருந்தும் ஓடுகிறது.

மடத்துக்கு அருகே, கலிச்சிட்சா மலையின் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய பிரெஸ்பா ஏரியின் நீர் ஊற்றாகப் பொங்கி வருகிறது. துடுப்புப் படகில் போனால், அடியில் மணல் கொதிப்பது போலக் குமிழி விடுவதைத் தெளிவாகப் பார்க்கலாம். காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம்தான். அங்கேயும் ஆளுக்கா படகுக்கா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது மீன். 'ஓஹ்ரித் டிரவுட்' இந்த ஏரியில் மட்டுமே வாழும் இனம். அளவுக்கு மீறிப் பிடித்ததால் அழிவின் விளிம்புக்குப் போய், 2004-இல் பிடிக்கவே தடை போட வேண்டி வந்தது. அந்தப் பெயரைச் சொல்லிப் பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட்டைப் பரிமாறும் கடைகள் உண்டு. சமைப்பதற்கு முன் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும், வால் துடுப்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அது ரெயின்போ. அதுவும் நல்ல மீன்தான், ஆனால் அதற்கு ஓஹ்ரித் டிரவுட் விலை கொடுக்கக் கூடாது. மெனுவில் இருப்பது பெரும்பாலும் கிலோ விலை. கண்முன் எடை போட்டு, தொகையைக் கேட்டுவிட்டு அடுப்புக்கு அனுப்புங்கள். "ஏரியிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடித்தது, உங்களுக்கு மட்டும்" என்று யாராவது காதில் ஓதினால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த இனம் மிஞ்சுவது நம் கையிலும் இருக்கிறது.

முத்து விவகாரம் இதைவிட மோசம். 'ஓஹ்ரித் முத்து' சிப்பிக்குள் விளைவதல்ல. சிப்பி ஓட்டைக் கடைந்து மணியாக்கி, பிளாஷிட்சா என்ற சிறு மீனின் செதிலிலிருந்து எடுத்த பளபளக்கும் குழம்பைப் பல தடவை பூசி மெருகேற்றிச் செய்வது. தாலேவ், ஃபிலேவ் என்ற இரண்டு குடும்பங்களின் கைத்தொழில், கலவை அவர்களின் ரகசியம். "ஏரியில் மூழ்கி எடுத்த முத்து" என்று சொல்லும் கடையில் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. பழைய ஊர்த் தெருக்களில் மலிவு விலைச் சரங்கள் நிறையத் தொங்கும். ஒரு மணியை எடுத்து, துளையின் ஓரத்தை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பூச்சு உரிந்து உள்ளே கண்ணாடி மின்னினாலோ, கையில் கனமே இல்லாமல் இருந்தாலோ, அது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். செய்தவர் பெயரோடு சான்றும், அச்சடித்த ரசீதும் கேளுங்கள். இரண்டும் தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பணம்: ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 61.5 தெனார், பெரிதாக ஏறி இறங்காது. யூரோவில் விலை சொல்லி, மீதியை யூரோவுக்கு 50 தெனார் என்ற கணக்கில் திருப்பித் தருவார்கள். அங்கேயே நின்று எண்ணுங்கள். ஏடிஎம் திரையில் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கு வைக்கவா என்று கேட்டால் வேண்டாம், தெனார் என்றே அழுத்துங்கள். மிஞ்சிய தெனாரை நாட்டை விட்டுக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். வெளியே வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

பேருந்து நிலையத்தில் 'ஸோபி' என்று அட்டை பிடித்து அறை காட்டுபவர்களிடம், வந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸில் உங்களைப் பதிவு செய்வார்களா என்று முதலில் கேளுங்கள். ஹோட்டல்கள் தாமே செய்துவிடும். வரியை மிச்சம் பிடிக்க வீட்டுக்காரர் விட்டுவிட்டால், கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாடகைக் காரில் ஏரியைச் சுற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழி அல்பேனியா. பச்சை அட்டைக் காப்பீடும் (வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் வாகனக் காப்பீடு) எல்லை தாண்ட எழுத்துபூர்வ அனுமதியும் இல்லாவிட்டால் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள். கலிச்சிட்சா வழியாகப் பிரெஸ்பாவுக்குப் போகும் மலைச்சாலையைப் பனிக்காலத்தில் நம்ப முடியாது. மேப் குறுக்கு வழி என்று காட்டினாலும் ரெசென் வழியே போங்கள். ஸ்வேதி நாவும் பக்கம் ஃபோன் தானாக அல்பேனிய டவரைப் பிடித்து ரோமிங் பில்லை ஏற்றிவிடும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் கிரீஸ் வழியாக வருகிறவர்களுக்கு ஒன்று: கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரமான ஷெங்கனில் மாசிடோனியா இல்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு எல்லை தாண்டிவிட்டால், திரும்ப ஏதென்ஸ் விமானத்தைப் பிடிக்க கிரீஸுக்குள் விடமாட்டார்கள். "பேக்கேஜில் எல்லாம் அடக்கம்" என்று ஏஜென்ட் சொன்னாலும், விசா ஸ்டிக்கரில் 'மல்ட்' (பலமுறை நுழைவு) என்று இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.